பத்தாயத்தின் மேல் ஒரு மதியத் தூக்கம்

'மருந்து குடித்தவள்' என்று என்னை ஒரு காலத்தில் சுட்டிக் காட்டியவர்களில் சிலர் இன்னும் நன்றாகவே இருக்கிறார்கள். கல்யாண வீடுகளில் பார்த்தால் சிரிப்பேன், சாப்பிட்டாயிற்றா என்று கேட்பேன். ஆனால் நான் எதையும் குடிக்கவில்லை. தூங்கினேன், அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர்ந்ததற்காக ஆஸ்பத்திரியும் போலீசும் பார்த்தவள், பாலக்காட்டு எல்லையில் இருக்கிற எங்கள் பெருமாட்டிப் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இதை இப்போது எழுதக் காரணம், எதிர்வீட்டுப் பெண். போன வாரம் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டினாள். தெரிந்தவர் ஒருவர் கொடுத்த எலி மாத்திரையாம், ரொம்ப நல்லா வேலை செய்யுமாம். பொட்டலத்தின் மேல் பெயரும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அவளை உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னேன். அவள் போன பிறகு, ஒருத்திக்குச் சொன்னால் போதுமா என்று தோன்றியது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலாகியிருந்தது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி, கேரளத்தில் இருக்கிற இந்த ஊருக்கு வந்தவள். இந்த வீட்டில் மாமனார் இல்லை. மாமியார் ராமாத்தாள், என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, நான், மூன்று பேர்தான். தென்னந்தோப்பும் கொஞ்சம் நெல்வயலும் கடலைக்காடும் உண்டு. எல்லாவற்றுக்கும் தலைமை என் மாமியார்தான். அவர் பேச்சு குறைவு. குறைவாகப் பேசுகிறவர்கள் கோபமாக இருக்கிறார்கள் என்று நினைக்கிற வயது எனக்கு.

வீட்டின் நடு அறையில் பத்தாயம் இருந்தது. நெல் கொட்டி வைக்கிற பெரிய மரப் பெட்டி, பலாப்பலகையில் செய்தது. மேல்மூடி கட்டில் போல அகலம். பாய்கூட வேண்டாம், பலகையே குளுகுளுவென்று இருக்கும். எங்கள் பக்கத்தில் அதன்மேல் படுப்பது சாதாரணம். அடியில் குட்டையாக நாலு கால், அந்தச் சந்துக்குள்தான் எலி ராஜ்ஜியம்.

அந்த வருஷம் எலி தாங்கவில்லை. தென்னையில் குரும்பையைக் கடித்துத் தள்ளியது, கடலைக்காட்டில் காயைப் பறித்து வளைக்குள் சேர்த்தது, பத்தாயத்து நெல்லை உமியாக்கியது. மாமியார் பொறி வைத்துப் பார்த்தார், பூனை வளர்த்துப் பார்த்தார். பூனை பால் குடித்துக் கொழுத்ததுதான் மிச்சம்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எலிக்கு மருந்து வைக்கிற நாளில் வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் எலி கேட்டுக்கொள்ளும், அப்புறம் அந்தப் பக்கமே வராது. பொறிக்குத் தேங்காய்ச்சில் சுடும்போதுகூட என் மாமியார் யாரிடமும் எதற்கென்று சொல்ல மாட்டார். நான் ஒருமுறை விவரம் தெரியாமல், "அத்தை, எலிக்குங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பார்த்த பார்வையில் நான் பின்கட்டுக்கே போய்விட்டேன். அன்றைக்கு எலி விழவில்லை. பழி என்மேல்தான் விழுந்தது.

மார்கழிக் கடைசி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் நான் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: அந்த மாசத்தில் கிழக்கேயிருந்து வருகிற காற்று சோற்றில் மண்ணைத் தூவிவிட்டுப் போகும். அதனால் ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் சாக்கைத் திணித்து வைத்திருந்தோம். அன்றைக்கு ஒறம்பரை வேறு. என் வீட்டுக்காரரின் அக்கா, நான் நங்கை என்று கூப்பிடுகிறவர், பிள்ளைகளோடு வந்திருந்தார். எங்கள் அறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டேன். சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகளின் சத்தம் பொறுக்காமல் நடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்தாயத்தின்மேல் படுத்தேன். மாமியார் தோப்புக்குப் போயிருந்தார்.

பூண்டு நாற்றம் அடித்தது நினைவிருக்கிறது. அழுகின மீனும் பூண்டும் சேர்ந்தாற்போல. சமையல் வாசனை சேலையில் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துப் புரண்டு படுத்தேன்.

எழுந்தபோது தலை பிளந்தது. நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். இறங்கலாம் என்று காலை வைத்தால் கால் என்னுடையதாக இல்லை. கதவை எப்படித் திறந்தேனோ, வாசலுக்கு வருவதற்குள் வாந்தி. நங்கை ஓடிவந்து பிடித்தார். என் கண்ணைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சரசு, எதையாச்சும் குடிச்சுட்டியா?" என்பதுதான்.

அவர்மேல் தப்பில்லை. வயலுக்கு அடிக்கிற மருந்து வீட்டுக்கு வீடு பரணில் இருந்த காலம். புதுப் பெண் வாந்தியெடுத்தால் ஒன்று பிள்ளை, இல்லையென்றால் விஷம். மூன்றாவதாக ஒன்றை யாரும் யோசிப்பதில்லை. போதாததற்கு அந்த வாரம்தான் எனக்கும் மாமியாருக்கும் ஒரு மனத்தாங்கல். பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். அறுவடை முடியட்டும் என்றார். நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். அது தெருவுக்கே தெரியும்.

காருக்கு ஆள் போனான், கார் இல்லை. கள்ளு ஏற்றுகிற ஜீப் ஒன்று சித்தூர் ரோட்டில் வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாதிக் கேன்களை வரப்பிலேயே இறக்கிவைத்துவிட்டு என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டார். மிச்சக் கேன்களுக்கு நடுவில், நங்கையின் மடியில் தலைவைத்து, கள்ளு வாடையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கள்ளு ஜீப்பில் போன கவுண்டச்சி என்று என் அண்ணன் ரொம்ப நாள் கேலி செய்தான். அந்த டிரைவர் அன்றைக்குத் தன் முதலாளியிடம் என்ன பேச்சு வாங்கினாரோ தெரியாது. அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எந்தக் கோயிலில் கும்பிட்டாலும் அந்த ஜீப்பையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் என்னை இறக்கியதும், விஷக்கேஸ் என்று யாரோ சொன்னார்கள். அதற்கப்புறம் என் பேச்சுக்கு மதிப்பில்லை. நான் ஒன்றும் குடிக்கவில்லை என்று சொல்லச் சொல்ல, எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றாள் நர்ஸ், மலையாளத்தில், கோபமில்லாமல். மூக்கு வழியாக ஒரு ரப்பர் குழாயை வயிற்றுக்குள் இறக்கித் தண்ணீர் விட்டு, வெளியே எடுத்து, மறுபடி விட்டு, வயிற்றைக் கழுவினார்கள். விஷம் வயிற்றில் இருந்தால் அதை ரத்தத்தில் கலக்க விடாமல் எடுக்கிற வழி அது. எனக்கு அது தேவையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குச் சாப்பிட்ட அவரைக்காய்ப் பொரியல் மட்டும் வந்தது. உயிர் போகிற நேரத்திலும் எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்புறம் கையில் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். இரும்புக் கட்டில், மேலே மெதுவாகச் சுற்றுகிற மின்விசிறி. ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியை நர்ஸ் வந்து வந்து கையில் கட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் போய்ச் சொன்னாள். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது என்பது அவள் முகத்திலிருந்தே எனக்குப் புரிந்தது.

மாமியாரும் என் வீட்டுக்காரரும் அடுத்து வந்த பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். அவர் என் பக்கத்தில் குனிந்து, "நெசமாச் சொல்லு சரசு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. அவரும் நம்பவில்லை. ரப்பர் குழாய் இறங்கியபோது அழாதவள் அப்போது அழுதேன். பேசத் தெம்பு இல்லாததால் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ.

சாயங்காலத்துக்குள் பொள்ளாச்சிக்குத் தகவல் போய் அப்பாவும் அண்ணனும் வந்துவிட்டார்கள். அண்ணன் மாமியாரைப் பார்க்கவே இல்லை. அவர் காதில் விழும்படி, பொண்ணைக் குடுத்தமா, பலி குடுத்தமா என்று அப்பாவிடம் கேட்டான். பிழைத்தால் நேரே நம் வீட்டுக்குத்தான், இனி இந்தப் பக்கமே கிடையாது என்றான். மாமியார் வராந்தா பெஞ்சில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பதிலும் சொல்லவில்லை. பதில் சொல்லாதது குற்றத்தை ஒத்துக்கொண்டது போலவே எல்லாருக்கும் பட்டது. எனக்கும்தான். நேற்றுவரை என்னைப் பார்த்து நாலு நல்ல வார்த்தை சொல்லாதவர், இப்போதும் சும்மா இருக்கிறாரே என்று மனசு கசந்தது.

விஷக்கேஸ் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு ஹெட் கான்ஸ்டபிள் மொழி எடுக்க வந்தார். வாக்குமூலத்துக்கு இங்கே மொழி என்றுதான் பெயர். விஷம் குடித்தது நான் என்றால் என்மேல் கேஸ். யாராவது கொடுத்தார்கள் என்றால் அவர்கள்மேல் கேஸ். இரண்டும் இல்லாத ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் டாக்டர் மறுபடி வந்தார். மலையாளி, சின்ன வயசு, திக்கித் திக்கித் தமிழ் பேசுவார். அவருக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. வயிற்றிலிருந்து எடுத்த தண்ணீரில் மருந்து வாடை இல்லை, ஆனால் என் தலைமுடியிலும் சேலையிலும் பூண்டு நாற்றம். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். நுரையீரலில் நீர் கோத்த சத்தம். குடித்த விஷம் இப்படி இருக்காது, சுவாசித்தது போலிருக்கிறது என்றார். எங்கே படுத்திருந்தாய் என்று கேட்டார். பத்தாயத்தின்மேல் என்றேன். அவர் எங்கள் ஆட்கள் பக்கம் திரும்பி, அந்த அறையில் யாராவது ஏதாவது மருந்து வைத்தீர்களா, நெல்லுக்கோ எலிக்கோ, என்று கேட்டார்.  வைத்திருந்தால் வாயு இன்னும் அங்கே இருக்கும், இப்போது அந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

நங்கை அப்போதுதான் சொன்னார், பிள்ளைகளை வேலைக்காரியிடம் விட்டுவிட்டு வந்தேன், இருட்டினால், காற்றுக்கு அடக்கமென்று நடு அறையில்தான் படுக்க வைப்பாள் என்று.

வராந்தா பெஞ்சிலிருந்து மாமியார் எழுந்தார். வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருபக்கம் போலீஸ், ஒருபக்கம் என் அண்ணன். அந்த இடத்தில் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

"நானுங்க வெச்சேன்" என்றார். "எம்பட மருமவ ஒண்ணும் குடிக்கலீங்க. பத்தாயத்துக்கு அடியில, எலி வளையில, நாந்தான் மாத்திரை வெச்சேன். வெச்சு ஈர மண்ணால அடைச்சேன். ஆருகிட்டயும் சொல்லலீங்க."

டாக்டர், ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

மாமியார் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். அவ்வளவு பேர் முன்னால், படித்த டாக்டரிடம் அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும். "சொன்னா எலி கேட்டுக்குமுங்க" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் அந்த நிமிஷமே ஓடினார். பிள்ளைகள் அப்போது வாசலில் விளையாடிக்கொண்டிருந்தார்களாம், நல்லவேளை. அவர் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட்டார். சாக்கு அடைத்து வைத்த எங்களை அதுவரை திட்டிக்கொண்டிருந்த கிழக்குக் காற்று உள்ளே புகுந்து, மிச்சத்தைத் துடைத்துக்கொண்டு போனது. அன்றைக்கு எல்லாரும் மாட்டுக்கொட்டகையில் படுத்தார்கள்.

டாக்டர் எங்களுக்கு விளக்கினார். அந்த மாத்திரை எலி தின்பதற்கே இல்லை. ஈரம் பட்டால் அதிலிருந்து பாஸ்பீன் என்றொரு வாயு கிளம்பும். அந்த வாயுதான் கொல்லும். கிடங்குகளில் மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, பழகியவர்கள் வைத்துவிட்டு ஆளில்லாமல் பூட்டிப் போவது. வயலில் என்றால் வளைக்குள் போட்டு அடைப்பது. குடியிருக்கிற வீட்டுக்குள் நுழையவே கூடாத பொருள். மாமியாருக்குத் தின்றால்தான் விஷம் என்று நினைப்பு. அவர் ஒரு வாயை அடைத்தார். எலி வளைக்கு இன்னொரு வாய் பத்தாயத்தின் பலகை இடுக்கில் இருந்தது.

அவருக்கு அது கிடைத்த வழியும் அப்போது தெரிந்தது. ஒரு நெல் கிடங்கில் வேலை செய்த ஒறவுக்காரர் உபகாரமாகக் கொடுத்திருக்கிறார். காகிதத்தில் மடித்து, தனித்தனி மாத்திரையாக. குப்பியில் எழுதியிருக்கிற எச்சரிக்கை எதுவும் அந்தக் காகிதத்தோடு வரவில்லை.

இந்த விஷத்துக்கு மாற்று மருந்து இல்லை என்றார் டாக்டர். மூச்சு வழியாகவே அது வெளியேற வேண்டும். அதுவரை இதயம் தளராமல், ரத்த அழுத்தம் விழாமல், நுரையீரலில் நீர் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். கட்டிலில் அசையாமல் கிடக்கச் சொன்னார்கள். மார்பிலும் கை கால்களிலும் கம்பிகளை ஒட்டி, இதயத்தின் துடிப்பைக் காகிதத்தில் கோடாக எழுதுகிற இசிஜி எடுத்தார்கள். கோடு சரியாக இல்லை என்று மறுபடி மறுபடி எடுத்தார்கள். எனக்கு அந்தக் கோடுகள் எங்கள் ஊர்க் கோலத்தைவிட மோசமாகத் தெரிந்தன.

ஹெட் கான்ஸ்டபிள் மறுநாள் திரும்ப வந்தார். மாமியார்மேல் உனக்குப் பராதி, புகார் ஏதும் உண்டா, பயப்படாமல் சொல்லு என்றார். அண்ணன் பக்கத்திலேயே நின்றான். அவன் எதிர்பார்த்தது வேறு. மாமியார் கட்டிலின் கால்மாட்டில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் அங்க படுத்திருக்க மாட்டேனுங்க" என்றேன். மூச்சு வாங்கியது. "அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா என்னையப் படுக்க உட்டிருக்க மாட்டாங்க."

அவர் அதை எழுதிக்கொண்டார். மலையாளத்தில் எழுதி வாசித்துக் காட்டி, கைநாட்டா கையெழுத்தா என்று கேட்டார். கையெழுத்தே போட்டேன். அண்ணன் வெளியே போய் நின்றுகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தான். ஒன்றை மாமியாரிடம் நீட்டினான். மன்னிப்பு என்று அவன் வாயால் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. காப்பியை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைத்தான் நான் மறக்க மாட்டேன். மாமியார் என் கட்டிலுக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்தார். வீட்டுக்குப் போங்கள் என்று யார் சொன்னாலும் கேட்கவில்லை. இருமல் வந்தால் நான் கூப்பிடும் முன்னே ஒரு கை என் முதுகைத் தடவும். குழாய் இறங்கிய தொண்டை புண்ணாகிக் கிடந்தது. கஞ்சியை ஆற்றி, விரலால் தொட்டுப் பார்த்து, பாதிக் கரண்டியாகக் கொடுப்பார். பூண்டு நாற்றம் போகவில்லை என்று நான் ஒருமுறை சொன்னதற்காக, சிஸ்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, கட்டிலிலேயே என் தலையைத் தொங்கவிட்டு அரப்புப் போட்டு அலசினார். அந்த நீண்ட முடியை அலச ஆஸ்பத்திரிக் குழாயிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தது என் அப்பா. சம்பந்தி சுமக்க, சம்பந்தியம்மா அலச, வார்டே வேடிக்கை பார்த்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண். அவள் உண்மையிலேயே குடித்தவள். அவளைப் பார்க்க யாரும் வரவில்லை. என் மாமியார் அவளிடம் ஏன் என்று ஒரு கேள்வி கேட்டதில்லை. என் கஞ்சியில் பாதி அவளுக்குப் போகும், அவ்வளவுதான். நான் வீடு திரும்பும் நாளில் அந்தப் பெண் மாமியாரின் கையை விடவில்லை. குறைவாகப் பேசுகிறவர்களைப் பற்றி நான் வைத்திருந்த கணக்கு எவ்வளவு தப்பு என்று அப்போது தெரிந்தது.

இசிஜிக் கோடு ஒருநாள் ஒழுங்குக்கு வந்தது. டாக்டர் காகிதத்தைக் காட்டி, "இனி பேடிக்கண்டா" என்றார். பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். மாமியார் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் பதறிப்போய் அந்தக் கைகளைப் பிரித்துவிட்டார். முதலில் என்னை நம்பாமல் குழாய் விட்டவர்களும் அவர்கள்தான். என்னை வீடு சேர்த்தவர்களும் அவர்கள்தான். கூட்டிக் கழித்தால் எனக்கு நன்றி மட்டும்தான் மிஞ்சுகிறது.

நான் தேறிய பிறகு விவசாய ஆபீசர் ஒருவர் எங்கள் தோப்புக்கே வந்தார். செய்தி அவர்வரை போயிருந்தது. திட்ட வந்தாரோ என்று பயந்தோம். சொல்லிக் கொடுக்க வந்தார். எலி மருந்தில் சிலது யாரும் வாங்கலாம், சிலது பழகியவர் கையில் மட்டும்தான் இருக்க வேண்டும். இந்த மாத்திரை இரண்டாவது ரகம். லைசென்ஸ் உள்ள கடையில், சீல் உடையாத குப்பியோடு, எழுத்தை வாசித்துக் காட்டச் சொல்லி வாங்க வேண்டும். உதிரியாக, ஓசியாக, தெரிந்தவர் தந்தார் என்று வாங்கவே கூடாது. வீடு, கொட்டகை, கிணற்றோரம் எங்கேயும் வேண்டாம். வயல் வளையில், பழகியவர் கூட இருக்க, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று போட வேண்டும். எல்லா வாயையும் அடைக்க வேண்டும். மிச்சத்தைச் சோற்றுச் சாமானோடு வைக்காமல் பூட்டி வைக்க வேண்டும். காலிக் குப்பியில் எண்ணெய் ஊற்றி வைக்கிற கெட்டிக்காரத்தனம் கூடாது, குழி தோண்டிப் புதைக்க வேண்டும். செத்த எலியையும் அப்படித்தான், நாயும் காக்கையும் தொடாதபடி. இதையெல்லாம் சொல்லிவிட்டு, முக்கியமானது ஒன்று என்று நிறுத்தினார். வைக்கும் முன்னால் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும்.

மாமியார் தலையை ஆட்டினார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

அடுத்த போகம், கடலைக்காட்டில் மருந்து வைக்கிற நாள் வந்தது. ஆபீசர் அனுப்பிய ஆள் குப்பியோடு வரப்பில் காத்திருந்தார். நான் அப்போது முழுகாமல் இருந்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். மாமியார் வீட்டைவிட்டு இறங்கி, தெருவின் நடுவில் போய் நின்றார். அவர் குரல் அவ்வளவு பெரிது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இன்ன காட்டில், இந்தப் பக்கத்து வரப்பில், எலி மருந்து வைக்கப் போகிறேன், ஆடு மாட்டைக் கட்டுங்கள், பிள்ளைகளை விடாதீர்கள் என்று ஒவ்வொரு வாசலுக்கும் பேர் சொல்லிக் கூவினார். கள்ளிறக்கப் போய்க்கொண்டிருந்த ஒருவர் மரத்தடியில் நின்று, "ஏனுங்காத்தா, இப்படிக் கத்துனா எலி கேட்டுக்காதுங்களா?" என்று சிரித்தார்.

மாமியார் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டாக் கேட்டுட்டுப் போகுது" என்றார். "எம்பட மருமவளுக்குக் கேக்கோணும்."